தேய்ந்த முட்டியும் தேறும்

கேள்வி: ஐயா, எனக்கு 54 வயது. செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிறோம். மூன்று வருடமாக வலது முட்டியில் வலி. களை எடுக்கக் குந்தி உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு டாக்டர், "தேய்மானம்தான், ஆபரேஷன் அளவுக்கு இல்லை, எக்சர்சைஸ் செய்யுங்கள்" என்றார். என்ன எக்சர்சைஸ் என்று சொல்லவில்லை. அப்புறம் வெளியூரில் ஓர் இடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். வைத்த வாரம் நன்றாக இருந்தது, அடுத்த வாரம் பழையபடி ஆகிவிட்டது. எடை 68 கிலோ. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன். வீட்டில் எல்லோரும், "நடக்காதே, படி ஏறாதே, மிச்சம் இருக்கிறதும் தேஞ்சிடும்" என்கிறார்கள். எனக்கு இரண்டு ஆசை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கிரிவலம் வர வேண்டும். சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடி ஏறிய செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் பேத்தியின் கையைப் பிடித்து ஒரு முறை ஏற வேண்டும். உச்சி இல்லாவிட்டாலும் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரையாவது. ஆடி பிறந்துவிட்டது. முடியுமா? இல்லை, மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதானா?

— வாசகி, செஞ்சி வட்டம்

பதில்: அம்மா, முடியும். இரண்டுமே முடியும் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. ஆனால் முதலில் கிரிவலம், பிறகு மலை. ஏன் அந்த வரிசை என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், தேய்மானம் என்ற அந்தச் சொல் உங்கள் வீட்டில் செய்திருக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். செருப்பு தேயும். கலப்பையின் கொழு தேயும். உழ உழத் தேயும், திரும்ப வளராது. முட்டியையும் அப்படி நினைத்துத்தான் "நடக்காதே" என்கிறார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் முட்டி இரும்பு இல்லை, உயிருள்ள உறுப்பு. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீர்தான் அதற்குச் சோறு. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, அப்படித்தான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. நடக்காத முட்டிக்கு அந்தச் சோறு சரியாகப் போவதில்லை. நாலு போகம் ஏர் ஓட்டாமல் போட்ட நிலம் எப்படி இறுகிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸ்ரேயில் தெரிந்த மாற்றம் பயிற்சியால் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது அப்படியே இருக்கும். ஆனால் எக்ஸ்ரே படமும் வலியும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை அல்ல. படத்தில் நிறைய மாற்றம் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். படம் சுத்தமாக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. மூட்டைச் சுற்றியிருக்கும் தசையின் பலம், உடல் எடை, தூக்கம், பயம், செய்யும் வேலை எல்லாம் சேர்ந்துதான் வலியைத் தீர்மானிக்கின்றன. எலும்பை மாற்ற முடியாவிட்டாலும் இவற்றில் பலவற்றை மாற்றலாம்.

உங்கள் முட்டி எவ்வளவு சுமக்கிறது என்று பாருங்கள். ஜெர்மனியின் பெர்லினில், மாற்று மூட்டு பொருத்தியவர்களின் மூட்டுக்குள்ளேயே அளக்கும் கருவியை வைத்து அளந்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. சமதரையில் நடக்கும்போது மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. உங்கள் 68 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நடக்கையில் சுமார் 177 கிலோ, படி இறங்குகையில் சுமார் 235 கிலோ. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும் என்று நம் பக்கத்தில் மலையேறியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது.

இந்தப் பாரத்தை முட்டி தனியாகத் தாங்குவதில்லை. தொடையின் முன்பக்கத் தசை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை, ஆடுசதை மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வலி வந்ததும் முதலில் இளைப்பது அந்தத் தொடைத் தசைதான். வலிக்கிறது என்று காலைக் காப்பாற்றுவோம், காப்பாற்றக் காப்பாற்றத் தசை மெலியும், மெலிந்த தசை பாரத்தை முட்டியின் மேல் தள்ளிவிடும், வலி கூடும். இரண்டு தொடையையும் முட்டிக்கு ஒரு சாண் மேலே நூலால் சுற்றி அளந்து பாருங்கள். வலது தொடையின் நூல் குட்டையாக இருந்தால் நான் சொல்வது உங்களுக்கே தெரியும்.

இப்போது கரண்ட் பற்றி. அதை வைத்தபோது கிடைத்த சுகம் பொய்யில்லை. நரம்பின் வழியே வலி போகிற போக்கை அது கொஞ்ச நேரம் மட்டுப்படுத்தும். ஆனால் படுத்திருக்கும் தசைக்கு அதனால் பலம் ஏறாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2022-ல் திருத்தப்பட்டபோது, மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை எல்லோருக்குமான முதல் சிகிச்சையாக வைத்தது. மின்சார சிகிச்சைகளைப் பரிந்துரைக்கவில்லை. பிசியோதெரபிஸ்டாகத் தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில் நானும் வரிசையாகப் படுக்க வைத்து, கரண்ட் வைத்து, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். அதே ஆட்கள் ஆறு மாதம் கழித்து அதே வலியோடு வந்து நின்றார்கள். அதில் பலர் கூலிவேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தவர்கள். அது இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டாக்டர் சொல்லாமல் விட்ட எக்சர்சைஸ் இதுதான். முதல் இரண்டு வாரம் பாயிலேயே செய்யலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கித் துண்டை அழுத்துங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கிவைத்து, வலிக்கும் காலை நீட்டியபடியே ஒரு முழம் தூக்கி ஐந்து எண்ணி மெல்ல இறக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது இடுப்புக்கு. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று, இரண்டு காலுக்கும். சுவரைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதைச் சோறு வடிக்கக் காத்திருக்கும் நேரத்தில் செய்துவிடலாம்.

மூன்றாவது வாரத்திலிருந்து நாற்காலிக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்து முட்டிக்கு இதைவிட உபயோகமான பயிற்சி இல்லை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, நான்கு எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. மெதுவாக இறங்கும் அந்த நான்கு எண்ணிக்கையில்தான் தசை வளர்கிறது. பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் தாழ்ந்த நாற்காலிக்கு மாறுங்கள். அதற்கப்புறம் திண்ணைப் படி. முதலில் நாலு விரற்கடை உயரப் பலகையில் ஏறி இறங்குங்கள், பிறகு படியில். வலிக்கும் காலைப் படியிலேயே வைத்துக்கொண்டு நல்ல காலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பழக வேண்டும். கோட்டையிலிருந்து இறங்குவதற்கான பலத்தைக் கொடுப்பது அது. இந்தப் பலப் பயிற்சியெல்லாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். நடை மட்டும் தினமும். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

வலித்தால் நிறுத்துவதா? எல்லோரும் தடுமாறும் இடம் இது. வலியே இல்லாததை 0 என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 5 வரை ஏறினால் பயப்பட வேண்டாம். ஆனால் மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும், முட்டி வீங்கக் கூடாது. இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், முழுதாக விட்டுவிடாதீர்கள். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய 'கிளாட்' என்ற திட்டத்தில் முட்டி வலிக்காரர்களுக்கு இதே முறையில்தான், வாரம் இரண்டு முறை ஆறு வாரம், மேற்பார்வையோடு பயிற்சி கொடுக்கிறார்கள். கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதை எடுத்துக்கொண்டன. அதில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது.

உங்கள் வேலையிலும் சிலது மாற வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் மணிக்கணக்கில் குந்தியே நகர்வது முட்டிக்குக் கடும் பாரம். தாழ்ந்த மணை ஒன்றை இழுத்துக்கொண்டு உட்காருங்கள், அல்லது மடித்த சாக்கின் மேல் ஒரு முட்டியை ஊன்றி முறை மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். கழிப்பறையில் குந்துவது வலித்தால், இந்த நாலு மாதத்துக்காவது அதன் மேல் வைக்கும் ஸ்டூல் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டியில் மாட்டும் துணி உறை தைரியம் கொடுக்கும். மாட்டிக்கொள்வதில் தவறில்லை, அதுவே சிகிச்சை என்று நம்ப வேண்டாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் 2005-ல் அளந்து சொன்னார்கள். உங்களுக்கு மூன்று கிலோ குறைந்தாலே பன்னிரண்டு கிலோ. இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையோ சுண்டலோ வையுங்கள். அரைப்பட்டினி கிடக்காதீர்கள், தசை வளரப் பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும்.

இனி கிரிவலம். பாதை 14 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. அதனால்தான் அதை முதலில் வைத்தேன். ஓர் அடிக்கு விழும் பாரம் மலையைவிடக் குறைவு. ஆனால் அடிகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டும். ஆகவே அங்கே வேண்டியது நீடித்து நடக்கும் பழக்கம். தீபத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது. புரட்டாசிக்குள் ஒரே நடையாக நாலைந்து கிலோமீட்டர், ஐப்பசியில் எட்டு, அதற்குமேல் ஒரு முறை பத்து என்று கூட்டுங்கள். தீபத்தன்று லட்சக்கணக்கான கூட்டத்தில் உங்கள் நடையை நீங்கள் நடக்க முடியாது, கூட்டத்தின் நடையைத்தான் நடக்க வேண்டும். அதனால் அதற்கு முன் ஒரு சாதாரண நாள் விடியற்காலையில் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வழியில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காலை நீட்டி, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள். வெறுங்காலில் நடப்பதாக வேண்டுதல் என்றால் தார் ரோட்டில் வெறுங்கால் நடையையும் இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். செருப்புக்குப் பழகிய பாதத்தைத் திடீரென்று 14 கிலோமீட்டருக்கு வெறுங்காலாக விட்டால் முட்டி தப்பித்தாலும் குதிகால் தப்பாது.

கோட்டைக்குத் தை மாதம் போங்கள். வெயில் தணிந்திருக்கும், உங்கள் காலும் தயாராகியிருக்கும். அதுவரை கோட்டையை ஒதுக்க வேண்டாம். மலை ஏறாமலே அங்கே நடக்க எவ்வளவோ இருக்கிறது. கல்யாண மகால், ஆனைக்குளம், களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி என்று கீழ்க்கோட்டையிலேயே பேத்தியோடு ஒரு காலைப்பொழுதைக் கழிக்கலாம். அங்கே உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு பழைய கட்டடம் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். ராஜகிரி மேல் ஏறி இறங்கிக் காவல் காத்தவர்களும் கீழே உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் மேலே போயிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அடுத்தது, திருவண்ணாமலை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரி. உயரம் குறைவு. அதில் பாதி, பிறகு முழுதும். இரண்டு முறை ஏறி இறங்கி மறுநாள் முட்டி வீங்காமல் இருந்தால் ராஜகிரிக்குப் போகலாம். அது சுமார் 800 அடி. படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரைச் சாண், அடுத்தது ஒன்றரைச் சாண். அங்கே உங்களுக்கு ஒரு கைத்தடி வேண்டும். வலிப்பது வலது முட்டி என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கும் பக்கமே தடி பிடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் காலும் தடியும் முதலில். உயரமான படியில் நேராக இறங்காமல் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். கமலக்கண்ணி அம்மன் கோயிலில் உட்கார்ந்து, இறங்குவதற்குப் பாதிப் பலம் மிச்சம் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். இருந்தால் மேலே போங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். பேத்தியிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மெதுவாக ஏறுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்களுக்குச் சரியான வேகம்.

நீங்கள் பிரஷர் மாத்திரை போடுகிறவர், அதனால் மலைக்கு முன் ஒரு முறை டாக்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், படுத்தாலும் இரவெல்லாம் வலித்தால் அதெல்லாம் பயிற்சியால் தீர்க்கிற விஷயம் இல்லை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: அண்ணா, எனக்கு 19 வயது. ஊர் டீமில் கபடி ஆடுகிறேன், ரைடர். போன ஞாயிறு போனஸ் எடுக்கப் போனபோது ஆங்கிள் ஹோல்டு போட்டுவிட்டார்கள். கால் உள்பக்கம் மடங்கிக் கணுக்கால் வீங்கிவிட்டது. சுளுக்கு எடுக்கிறவரிடம் போனேன். எண்ணெய் போட்டு இழுத்துவிட்டார். வீக்கம் அதிகமாகிவிட்டது. இப்போது நொண்டி நொண்டி நடக்கிறேன். மூன்று வாரத்தில் டோர்னமென்ட் இருக்கிறது. ஐஸ் வைக்கட்டுமா? ஆடலாமா?

— வாசகர், செஞ்சி

பதில்: தம்பி, முதலில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-ல் வகுத்த ஒரு சின்னச் சோதனையை உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தும் எலும்புகளின் பின் ஓரத்தையும் நுனியையும் விரலால் அழுத்திப் பார். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே முண்டாக இருக்கும் எலும்பையும், உள் ஓரத்தில் கணுக்காலுக்கு முன்னால் இருக்கும் எலும்பையும் அழுத்திப் பார். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே சுள்ளென்று வலித்தால், அல்லது அடிபட்டவுடனும் சரி, இப்போதும் சரி, நாலு எட்டுகூட எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டியாவது நடக்கிறாய் என்பது நல்ல சேதி. ஆனாலும் அந்த இழுப்புக்குப் பிறகு வீக்கம் கூடியதால் ஒரு முறை காட்டிவிடு. அப்போதுதான் கிழிந்த ஜவ்வை இழுத்து உருவுவது கிழிசலை இன்னும் பிய்ப்பது மாதிரி. முதல் சில நாட்களில் எண்ணெய்த் தேய்ப்பு, சூட்டு ஒத்தடம், இழுப்பு மூன்றும் வேண்டாம்.

ஐஸ் வலியைக் குறைக்கும், அதற்காக வைக்கலாம். துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம். ஜவ்வை அது ஆற்றாது. காயம் என்றால் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தல் என்ற முறையை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பின்னாளில் ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தையே மாற்றிக்கொண்டார். கிரேப் பேண்டேஜ் சுற்று, படுக்கும்போது காலைத் தலையணை மேல் வை. இரண்டு மூன்று நாளில் தாங்குகிற அளவுக்கு ஊன்றி நடக்க ஆரம்பி. உட்கார்ந்துகொண்டு கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுது. உயிரெழுத்து பன்னிரண்டும் எழுதி முடித்தால் கணுக்கால் எல்லாத் திசையிலும் அசைந்திருக்கும்.

இதற்கு அடுத்ததுதான் விளையாட்டுக்காரர்கள் விட்டுவிடும் பகுதி. ஜவ்வுக்குள் கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. கிழியும்போது அவையும் கெடும். வீக்கம் வடிந்து வலி போனாலும் கால் இருக்கும் இடம் காலுக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் ஒரு முறை மடங்கிய கணுக்கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. பழைய சுளுக்கைப் போலப் புதிய சுளுக்கைக் கொண்டுவருவது வேறொன்றில்லை. இதற்கு மருந்து ஒற்றைக்காலில் நிற்பது. முதலில் முப்பது விநாடி. பிறகு கண்ணை மூடி. பிறகு மடித்த போர்வை மேல். பிறகு ஒற்றைக்காலில் நின்றபடி நண்பன் எறியும் பந்தைப் பிடிப்பது. ஒற்றைக்காலில் குதிகாலை 25 முறை உயர்த்த வேண்டும். அதற்கப்புறம் நேர் ஓட்டம், எட்டுப் போட்டு ஓடுவது, குதித்து இறங்குவது, கடைசியாக மைதானத்தில் பாதி வேகத்தில் ரைடு.

மூன்று வாரத்தில் ஆடலாமா என்பதைக் காலண்டர் தீர்மானிக்காது. ஒற்றைக்காலில் நல்ல கால் தாண்டுகிற தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது அடிபட்ட கால் தாண்ட வேண்டும், வலியில்லாமல் சட்டென்று திசை திரும்ப வேண்டும், ஒருவன் காலைப் பிடித்து இழுக்கும்போது நீ பயப்படாமல் இருக்க வேண்டும். லேசான சுளுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இதற்கு வந்துவிடும். ஜவ்வு பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரம், முழுதாகப் போயிருந்தால் மூன்று மாதம்கூட ஆகும். வீங்கிய வேகத்தைப் பார்த்தால் உன்னுடையது லேசானது இல்லை என்று நினைக்கிறேன். இந்த டோர்னமென்டை விட்டுவிடு தம்பி. ஒரு கோப்பைக்காக வாழ்நாள் முழுக்கப் புரளும் கணுக்காலை வாங்கிக்கொண்ட பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். திரும்பி ஆடும்போது முதல் ஆறு மாதம் டேப்போ கணுக்கால் உறையோ போட்டுக்கொள்.

டீமில் எல்லோருக்கும் ஒன்று சொல். குதித்து இறங்கும்போதோ திரும்பும்போதோ முட்டியில் 'டொப்' என்று சத்தம் கேட்டு, ஒரு சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், அது சுளுக்கு இல்லை. உள்ளே குறுக்கு ஜவ்வு போயிருக்கலாம். யாரையும் இழுக்க விடாமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்பினால் மறுபடி காயப்படுவது பல மடங்கு அதிகம். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, குதித்து முட்டி உள்ளே சாயாமல் இறங்குவது ஆகியவற்றைப் பழகினால் இதில் பலதைத் தடுக்கலாம். நார்வேயில் பெண்கள் கால்பந்து அணிகளில் இப்படிப் பழக்கிப் பார்த்தபோது காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-ல் வெளியிட்டார்கள். மண் மைதானம் போதும் இதற்கு.

கேள்வி: மசாஜ் செய்கிறவர், மெஷின் வாங்கி வைத்திருப்பவர் எல்லோருமே பிசியோதெரபி என்று பலகை வைக்கிறார்கள். யாரிடம் போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் காசு இல்லாதவர்கள் எங்கே போவது?

— வாசகர், திண்டிவனம்

பதில்: படிப்பைக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிசியோதெரபி என்பது பல்கலைக்கழகப் பட்டம். வருடக்கணக்கில் உடற்கூறும் நோயியலும் படித்து, மருத்துவமனையில் பயிற்சி முடித்துத்தான் வெளியே வருகிறோம். பிசியோதெரபி போன்ற துறைகளை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்தியச் சட்டமும் வந்திருக்கிறது.

பட்டத்தைவிட முதல் நாள் நடப்பைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். நல்ல பிசியோ மெஷினை எடுப்பதற்கு முன் உங்களை நடக்கச் சொல்வார், உட்கார்ந்து எழச் சொல்வார், என்ன வேலை செய்கிறீர்கள், வீட்டில் எத்தனை படி என்று கேட்பார், வலிக்காத காலையும் தொட்டுப் பார்ப்பார். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி கொடுத்து, அடுத்த முறை வரும்போது அதைச் செய்துகாட்டச் சொல்வார். போகப் போக நீங்கள் வர வேண்டிய நாள்களைக் குறைப்பார். ஆறு முறை போய்விட்டு வந்தபின் நீங்களாகச் செய்யத் தெரிந்த பயிற்சி ஒன்றுகூட இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

காசில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. உங்களுக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, செஞ்சிக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எழுந்து வரவே முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பதே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

முதல் நாள் போகும்போது எக்ஸ்ரேயையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போடும் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டே போங்கள், புதுச் செருப்பு வேண்டாம். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தாலே, எந்தக் காலைக் காப்பாற்றி எந்தக் காலில் பாரம் போட்டு நடக்கிறீர்கள் என்பதில் பாதி அவருக்குத் தெரிந்துவிடும்.